மியென் செய்த போணி

காஸ்பர் என்ற வெள்ளைக்காரன் ஹனோய்க்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் ஊரைப் பற்றி மூன்று வீடியோ எடுத்துவிட்டான்.

இந்த மாதிரி ஆட்களைப் பத்து வருடம் பைக்கின் பின்சீட்டில் சுமந்தவன் வின். முதல் நாள், ஊர் சொர்க்கம் என்பார்கள். இரண்டாம் நாள், தெருவைத் தாண்டக் கற்றுக்கொண்டதும் கடலையே தாண்டிவிட்ட நினைப்பு வரும். மூன்றாம் நாள், ஹனோயில் எப்படி வாழ வேண்டும் என்று ஹனோய்க்காரனுக்கே பாடம் எடுப்பார்கள். வின் அவர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இப்போது துப்பறியும் தோவா ஒருத்திக்கு மட்டும் பைக் ஓட்டுகிறான். சம்பளம் குறைவு. ஆனால் தோவா பின்சீட்டில் உட்கார்ந்து பாடம் எடுப்பதில்லை.

தோவாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்து, ஊர்ப் பொய்யையெல்லாம் காதில் வாங்கியவள்.

காலை ஒன்பது மணிக்கு இருவரும் அந்தச் சின்ன ஹோட்டலுக்குள் நுழைந்தபோது, முதலாளி பாங் ஓடி வந்தார்.

"வாங்கக்கா! ஒரே ஒரு வேலைதான். இவ வாயால 'நான்தான் எடுத்தேன்'னு ஒரு வார்த்தை வரவெச்சிடுங்க. பதினோரு மணிக்கு போலீஸ் வருது."

'இவ' என்று அவர் கை காட்டிய இடத்தில் மியென் நின்றிருந்தாள். அறைகளைச் சுத்தம் செய்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையின் இடது மார்பில், துக்கத்துக்கு அடையாளமாகச் சின்னக் கறுப்புத் துணி குத்தியிருந்தாள்.

"வீட்ல யாரு?" என்றாள் தோவா, துணியைப் பார்த்தபடி.

"அப்பாக்கா. இருபது நாளாச்சு."

"மூணு நாள் லீவு குடுத்தேன்!" என்றார் பாங், தானே சவப்பெட்டி சுமந்தவர் மாதிரி. "அதுக்கு இந்தக் கைம்மாறு. முன்னூத்தி ரெண்டாம் ரூம் காஸ்பரோட கேமராவை இன்னிக்குக் காலையில ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவுல காணோம். எல்லா ரூம் சாவியும் இவகிட்டதான் இருக்கு. கேமரா வரலேன்னா அந்த ஆளு பதினோரு மணிக்கு இவ முகத்தையும் நம்ம ஹோட்டல் பேரையும் வீடியோவுல போட்டுருவானாம்."

"மாடியில கேமரா மாட்டியிருக்கீங்களே?"

பாங் கழுத்தைச் சொறிந்தார். "அது... ஒயர் குடுக்கல. சும்மா பயமுறுத்த."

"பரவால்ல சார்," என்றான் வின். "திருடனுக்குத்தானே பயம். உங்களுக்கு எதுக்கு?"

தோவா மியெனிடம் திரும்பினாள். "காலையில ஆறரையில இருந்து ஏழரை வரைக்கும் எங்கம்மா இருந்தே?"

"இங்கதான்கா."

"யாராவது பாத்தாங்களா?"

"இல்லக்கா." மியென் தரையைப் பார்த்தாள். "ஆனா நான் எடுக்கல. சத்தியமா எடுக்கல."

அவள் 'எடுக்கல' என்றது உண்மை என்றும், 'இங்கதான்' என்றது பொய் என்றும் வின்னுக்கே தெரிந்தது. தோவாவுக்கு அவள் வாயைத் திறக்குமுன்பே தெரிந்திருக்கும்.

மேஜைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து நாற்றம் வந்தது. வின் மூக்கைப் பிடித்தான். "இது என்ன சார், செத்த எலியா?"

"முன்னூத்தி ரெண்டோட அழுக்குத் துணி. சலவைக்கு. சாயங்காலம் அனுப்பினா போதும்னாரு."

தோவா அந்தப் பையை ஒரு பார்வை பார்த்தாள். காஸ்பரின் மூன்றாம் நாள் வீடியோ எங்கே என்று கேட்டாள். இன்னும் ஊருக்குக் காட்டாத வீடியோ அது. பாங்கை மிரட்டுவதற்காக அவர் செல்போனுக்கு அனுப்பியிருந்தான். வீடியோ ஓட ஓட வின் மொழிபெயர்த்தான்.

"'வணக்கம் நண்பர்களே. இது ஹனோயில் என் மூன்றாம் நாள். இப்போது நான் பாதி ஹனோய்க்காரன்.' பாக்கிப் பாதி எங்கேன்னு சொல்லல அக்கா. 'இன்று காலை ஆறரைக்குக் கேமராவைக் கட்டிலில் வைத்துவிட்டு வெறும் கையோடு நடக்கப் போனேன். பட்டுத் தெருவில் ஒரு கடையை அப்போதுதான் திறந்தார்கள். நான்தான் முதல் ஆள்! பன்னிரண்டு சால்வையைப் போட்டுப் பார்த்து, அரை மணி நேரம் பேரம் பேசி, எதுவும் வாங்காமல் வந்தேன். கடைக்கார அம்மா சிரித்த முகத்தோடு கையசைத்து அனுப்பினார். இவ்வளவு அன்பான மக்கள்! ஆனால் ஏழரைக்குத் திரும்பி வந்தால் கட்டில் காலி. மோசமான கண்கள் கொண்ட ஒரு பெண்...'"

"நிறுத்து," என்றாள் தோவா. "கேமரா எப்படியிருக்கும், என்ன விலை, உள்ள என்ன படம் இருந்துச்சு, ஏதாவது சொல்றானா?"

"ஒரு வார்த்தை இல்லக்கா. இதுக்கப்புறம் நாலு நிமிஷம் மியெனோட கண்ணைப் பத்திதான்."

"பொருளைத் தொலைச்சவன் பொருளைப் பத்திப் பேசுவான். தொலைக்காதவன் திருடனைப் பத்திப் பேசுவான். பதினெட்டு வருஷம் பாத்துட்டேன்." அவள் எழுந்தாள். "அதை விடு. காலங்காத்தால முதல் ஆளாப் போயி, அரை மணி நேரம் பேரம் பேசி, ஒண்ணுமே வாங்காம வந்தவனைப் பாத்து நம்ம ஊர்க் கடைக்காரி சிரிச்சாளாம்!"

வின்னுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முதல் போணி கெட்டால் அன்றைய வியாபாரமே பாழ் என்று நம்புகிற தெரு அது. பேரம் பேசிவிட்டுச் சும்மா போகிற முதல் ஆளின் முதுகுக்குப் பின்னாலேயே காகிதத்தைக் கொளுத்தி, வாசலில் மூன்று சுற்றுச் சுற்றி, அவன் பீடையை விரட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். வின்னின் சின்ன மாமாவையே ஒரு செருப்புக் கடையில் அப்படிக் கொளுத்தித் துரத்தியிருக்கிறார்கள்.

"அவன் அந்தக் கடைக்கே போகலக்கா! புளுகியிருக்கான்!"

"பைக்கை எடு."

பட்டுத் தெருவில் அந்தக் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வீடியோவில் அடையாளத்துக்குக் குறைச்சலில்லை. கடைக்காரி தியெப் வாசலில் ஸ்டூல் போட்டு அவித்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது. கழுத்தில் மூன்று பச்சை ஜேட் கல் மணி, முகத்தில் முப்பது வருட வியாபாரம்.

"கையைப் பாக்கெட்ல வை," என்று தோவா வின்னை எச்சரித்தாள். "எதையும் தொடாத. விலை கேக்காத."

"அக்கா, என் மூஞ்சிக்கே காகிதம் கொளுத்துவாங்க. கையை வேற எதுக்கு வெக்கணும்?"

தோவா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தியெப் அக்கா, இன்னிக்குக் காலையில ஒரு வெள்ளைக்காரன் இங்க வந்தானா?"

"வந்தானே!"

வின்னின் முகம் விழுந்தது.

"வந்தானே தங்கச்சி! கொக்கு மாதிரி கழுத்து. பன்னெண்டு சால்வையை உதறிப் போட்டான், மடிச்சு வைக்க எனக்கு இடுப்பு போச்சு. விலையில பாதி கேட்டான். அப்புறம் பாதியில பாதி கேட்டான். கடைசியில தேங்க் யூன்னு போயிட்டான்."

"நீங்க சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

"காகிதம் கொளுத்தலையா?"

"எதுக்குக் கொளுத்தணும்? அவன் தன்னைத்தான் முதல் ஆளுன்னு நெனச்சுக்கிட்டான், கிறுக்கன்! அதுக்கு முன்னாடியே எனக்கு அமோகமாப் போணி ஆயிடுச்சு. நம்ம மியென் வந்து ஒரு கைக்குட்டை வாங்கிட்டாளே!"

கடலைத் தோல் ஒன்று தோவாவின் மடியில் விழுந்தது. அவள் அதைத் தட்டவில்லை.

"எந்த மியென்?"

"அந்தத் தெருக்கோடி ஹோட்டல்ல வேலை பாக்குறாளே, அவதான். தங்கமான கைராசி தங்கச்சி அவளுக்கு! தினமும் ஆறரைக்கு வந்து எனக்குப் போணி பண்ணுவா, அப்புறம் பக்கத்துல ரெண்டு கடைக்கு. ஆளுக்கொரு சிவப்பு உறையில காசு வெச்சுக் குடுப்போம். அதுலதான் அவ வீட்டு அடுப்பு எரியுது. எப்பவும் சிரிச்ச முகம். ஒரு பையன், ஒரு பொண்ணு. அப்பா அம்மா ரெண்டு பேரும் உசுரோட, வீட்ல துக்கமே கிடையாது. இப்படி ஒருத்தி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்."

வின் தோவாவைப் பார்த்தான். தோவா கடலையைப் பார்த்தாள்.

அந்தக் கறுப்புத் துணி இரண்டு பேர் கண்ணிலும் நின்றது. ஹோட்டல் வாசலைத் தாண்டியதும் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறாள். சிரித்துக்கொண்டே மூன்று கடையில் போணி செய்கிறாள். திரும்பி வந்து மறுபடி குத்திக்கொள்கிறாள். துக்க வீட்டுக்காரி முதல் ஆளாகக் கடைவாசலை மிதித்தாள் என்று தெரிந்தால், இந்தத் தெரு அவளை எட்டிக்கூடப் பார்க்காது. பொன்னான கைராசிக்காரி ஒரே நொடியில் பீடை ஆகிவிடுவாள்.

அதனால்தான் திருடி என்ற பேரையும் வாங்கிக்கொண்டு 'இங்கதான் இருந்தேன்' என்று நிற்கிறாள்.

"அவ எத்தனை மணி வரைக்கும் இங்க இருந்தா?" என்றாள் தோவா.

"மூணு கடையும் முடிச்சுட்டு இங்க வந்து டீ குடிச்சா. அந்தக் கொக்கு பேரம் பேசறப்ப இதே ஸ்டூல்லதான் உக்காந்திருந்தா. ஏழேகாலுக்கு மேல கெளம்பினா. ஏன் கேக்குற?"

விஷயத்தைச் சொல்லாமல் தீராது. தோவா இரண்டே வரியில் சொன்னாள். தியெப் கடலைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நம்ம மியென் திருடியா? எவன் சொன்னவன்? வா, இப்பவே வரேன்! போலீஸ் முன்னாடி நான் சொல்றேன்!"

இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் மற்ற துப்பறிகிறவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். தோவாவுக்கோ அவளை எப்படி உட்கார வைப்பது என்று புரியவில்லை. இவள் ஹோட்டலுக்கு வந்து மியெனின் சட்டையை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

வின் முந்திக்கொண்டான். "அம்மா, வேண்டாம்மா. போன மாசம் வெள்ளிக் கடைக்காரர் இப்படித்தான் திருட்டு வழக்குல சாட்சி சொல்லப் போனாரு. போலீஸ் வாசப்படியை மிதிச்ச காலோட கடைக்குள்ள வந்தாரு. ஒம்போது நாளைக்கு ஒரு ஈ வரலையாம்."

"ஒம்போது நாளா?"

"பத்தாவது நாள் ஒரு ஈ வந்துச்சு. அதுவும் விலை மட்டும் கேட்டுட்டுப் போயிடுச்சாம்."

தியெப் உட்கார்ந்துவிட்டாள். அன்புக்கும் வியாபாரத்துக்கும் நடந்த சண்டை அந்த முகத்தில் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"அவன் கையில ஏதாவது வெச்சிருந்தானா?" என்று தோவா கேட்டாள்.

"மஞ்சப் பட்டை போட்ட பெரிய கேமரா. என் மூஞ்சிக்கு நேரா நீட்டிப் படம் எடுத்தான். சும்மா விடுவேனா? வாங்கலேன்னா பரவால்ல, படத்தை இங்க அனுப்புடான்னு என் போனை நீட்டினேன். நின்ன இடத்துலயே அனுப்பினான். இதோ பாரு."

படத்தில் தியெப் இளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சால்வை போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள் காஸ்பர், கண்ணில் கேமராவோடு. பட்டை மஞ்சள். நேரம் ஏழு பத்து. படத்தின் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் டீயோடு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள் மியென். மார்பில் துணி இல்லை.

தோவா படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள். பைக்குக்கு வந்ததும் வின் கேட்டான்.

"அக்கா, இவன் கண்ணு முன்னாடியே உக்காந்திருக்கா. இவனுக்கு அடையாளமே தெரியலையா?"

"படுக்கை விரிக்கிறவ முகத்தை எவன்டா பாக்குறான்? கண்ணு மோசமாம். பாத்திருந்தாத்தானே தெரியும்!" தோவா காறித் துப்பாத குறை. "ஏழு பத்துக்கு இவன் வெறும் கஞ்சன். வர வழியில நேத்து வீடியோவை எத்தனை பேர் பாத்தாங்கன்னு போனைத் திறந்திருப்பான்."

வின் தன் போனில் தேடிப் பார்த்தான். "பதினாலு பேருக்கா. அதுல ரெண்டு பேரு இப்ப நாம."

"திருட்டுப் போச்சுன்னா பதினாலாயிரம் பேரு பாப்பாங்க. அதான்." அவள் போனை அவனிடம் நீட்டினாள். "இந்தப் படத்துல ஓரத்தை வெட்டு."

"அக்கா! அதுதானே நல்ல சாட்சி? அவ அங்க இருந்தாங்கறதுக்கு..."

"வெட்டுடா. துணியில்லாத இந்தச் சிரிப்பை ஹோட்டல்காரங்க பாத்தா நாளைக்கே தெருவுக்குத் தெரிஞ்சிடும்."

வின் வெட்டினான். டீயோடும் சிரிப்போடும் மியென் போனாள். தியெப்பும் கண்ணாடியும் கொக்கும் மட்டும் மிஞ்சினார்கள்.

பத்தரைக்கு ஹோட்டலில் காஸ்பர் மாடியிலிருந்து இறங்கி வந்தான். நேற்று வாங்கிய கூம்புத் தொப்பியைக் கட்டடத்துக்குள்ளேயே போட்டிருந்தான். மியென் படிக்கட்டருகே படுக்கை விரிப்பு மூட்டையோடு நின்றாள்.

"கேளு," என்றாள் தோவா வின்னிடம். "ஆறரையில இருந்து கேமரா கட்டில்லதானே இருந்துச்சு?"

வின் ஆங்கிலத்தில் கேட்டான். நூறு சதவீதம் என்றான் காஸ்பர்.

"கையில எடுத்துட்டுப் போகலையே?"

இல்லவே இல்லை என்றான். உள்ளூர் மக்களோடு ஒன்றிப் பழக வெறும் கைதான் சிறந்தது, அதைத் தன் முதல் வீடியோவிலேயே சொல்லியிருப்பதாகவும் சேர்த்துக்கொண்டான்.

தோவா போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். காஸ்பர் முதலில் தியெப்பைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியிலிருந்து அவனே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது பழைய கேமராவாம்," என்று மொழிபெயர்த்தான் வின். "அக்கா, நம்மளைப் பாத்தா இளிச்சவாயங்க மாதிரி இருக்கா? இதையும் கேட்டுடவா?"

"கேக்க வேண்டாம். அந்த நாத்தப் பையை எடு."

வின் இரண்டு விரலால் அழுக்குத் துணிப் பையைத் தூக்கினான். "மூணாவது நாள் மாத்துச் சட்டை இல்லாம, ஒரு மணி நேரத்துல துவைச்சுக் குடுன்னு அழற கூட்டம் இது. போலீஸ் ரூமைத் தேடிட்டுப் போற வரைக்கும் பை இங்கேயே கிடக்கணுமே, அதான் இவரு மட்டும் சாயங்காலம் போதும்னாரு. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும். தோணாததுக்கு நாத்தம்தான் காரணம்."

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். காலுறைகள், பனியன், ஒரு துண்டு. துண்டுக்குள் மஞ்சள் பட்டை.

பாங் பெருமூச்சு விட்டார். சந்தோஷப் பெருமூச்சு. "அட, கேமரா கிடைச்சிடுச்சு! அப்ப பிரச்சினை முடிஞ்சுது. போலீஸை வர வேண்டாம்னு சொல்லிடறேன். சார், காபி சாப்பிடறீங்களா?" என்று காஸ்பரிடம் குழைந்தவர், மியெனிடம் திரும்பினார். "நீ ஏன் நிக்கிற? மூணாவது மாடி அப்படியே கிடக்கு, போ."

காலையில் அவளைத் திருடி என்ற வாய் அது. ஒரு மன்னிப்புக் கேட்டால் தேய்ந்துவிடுமா? வின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தோவா முந்திக்கொண்டாள்.

"போலீஸை நீங்க தடுக்க வேண்டாம் பாங். வரட்டும். பொய்ப் புகார் குடுத்தவரு இவரு, அழுக்குத் துணியில ஒளிச்சதும் இவரு. அவரே வாயால சொல்லட்டும். மியெனைத் திருடின்னு சொன்னவரு நீங்க, அதையும் எழுதிக்கட்டும். இல்ல, ரெண்டு பேரும் இப்ப இவகிட்ட மன்னிப்புக் கேட்டு, அந்த வீடியோவை என் கண்ணு முன்னாடி அழிச்சீங்கன்னா, பதினோரு மணிக்கு வர்றவருக்கு நானே டீ குடுத்து அனுப்பிடறேன்."

காஸ்பர் அழித்தான். மன்னிப்பும் கேட்டான், காலுறைகளைப் பொறுக்கிக்கொண்டே. பாங் மன்னிப்புக் கேட்டது மியெனிடமா சுவரிடமா என்று தெரியவில்லை, கேட்டுவிட்டார். பிறகு காஸ்பர் ஏதோ உற்சாகமாகச் சொன்னான்.

"என்னவாம்?" என்றாள் தோவா.

"இந்தம்மாவைப் பக்கத்துல நிக்கவெச்சு, ரெண்டு பேரும் சிரிச்சு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு ஒரு வீடியோ எடுக்கணுமாம். நல்ல முடிவா இருக்குமாம்."

"நீ என்ன சொல்லப் போற?"

"வாசல் எந்தப் பக்கம்னு சொல்லப் போறேன்."

சொன்னான். காஸ்பர் மாடிக்குப் போனான், பெட்டி கட்ட. நாளைக்கு வேறு ஊர். அந்த ஊருக்கும் மூன்று நாள் போதும்.

ஆள் ஒழிந்ததும் மியென் தோவாவின் கையைப் பிடித்தாள்.

"தியெப் அக்கா வந்தாங்களா? நீங்க அங்க போனீங்களாக்கா? அவங்க..."

"போனேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

மியென் படியிலேயே உட்கார்ந்தாள். விரிப்பு மூட்டையை மடியில் வைத்து, அதில் முகத்தைப் புதைத்து அழுதாள். அப்பா, அப்பா என்றாள். இருபது நாளாகத் தெருவில் சிரிக்க வேண்டியிருந்தது, ஹோட்டலில் வேலை செய்ய வேண்டியிருந்தது. அழுவதற்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. பாங் மூன்றாவது மாடியைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். தோவா திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

மியெனின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவள் அழுகையைக் கையால் வாரி எடுத்ததுபோல நிறுத்தினாள். கண்ணைத் துடைத்தாள். இரண்டு முறை மூச்சை இழுத்து விட்டாள். உதட்டை இழுத்துச் சிரித்துக்கொண்டுதான் பொத்தானை அமுக்கினாள்.

"தியெப் அக்கா! ஆமாக்கா, கேமரா கிடைச்சிடுச்சு, அவனே வெச்சிருந்தானாம், கிறுக்கன்! ஐயோ, நான் எதுக்கு அழறேன்? சிரிச்சிட்டிருக்கேன்... நாளைக்கா? ஆமா, மாசப் பிறப்புல்ல. ஆறு மணிக்கே வந்துடறேன்க்கா... அப்பாவா?"

ஒரு நொடி அவள் கண்ணை மூடினாள்.

"நல்லா இருக்காருக்கா. இப்பதான் கஞ்சி குடிச்சாரு. நீங்க கேட்டீங்கன்னு சொல்றேன்."

போனை மடியில் வைத்தாள். பிறகு தோவாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, என் குரல் சரியா இருந்துச்சா?"